நாற்பத்தேழு புள்ளி ஐந்து

நாற்பதைத் தாண்டி, மருந்துச் சீட்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து வாசிக்க ஆரம்பித்துவிட்ட என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் தசமப் புள்ளி முதன்முதலாக வந்த நாள் உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? இருக்காது. மை ஒழுகிய பேனா நினைவிருக்கும். பக்கத்து பெஞ்சுக்காரி கொண்டுவந்த நெல்லிக்காய் ஊறுகாய் நினைவிருக்கும். கணக்குப் பாடம் மட்டும் பரீட்சை முடிந்த மறுநாளே விடைபெற்றுக்கொண்டு போய்விடும். எனக்குப் போகவில்லை. கரும்பலகையில் டீச்சர் போட்ட கட்டங்கள், எந்தக் கட்டத்தில் எந்த எண் உட்கார்ந்திருந்தது என்பது வரைக்கும் அப்படியே இருக்கின்றன. பெருமைக்குச் சொல்லவில்லை. மறந்துபோயிருந்தால் மாதா கோவிலில் மெழுகுதிரி ஏற்றியிருப்பேன்.

அப்பா சங்கு குளிப்பவர். தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் எங்கள் தெரு. ஒரு காலத்தில் முத்துக் குளித்த கடல்தான், ஆனால் அப்பா காலத்தில் சிப்பி கிடையாது, சங்குதான். வள்ளத்தில் காற்றடிக்கும் கம்பிரசர் ஓடும். அதிலிருந்து நீளமான ரப்பர் குழாய் தண்ணீருக்குள் இறங்கும். குழாயின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அப்பா அடியில் போவார். சங்குப் பையை இழுக்கும் கயிறு மேலே ஒருவர் கையில் இருக்கும். மேலே வந்த பிறகும் சாயங்காலம் வரைக்கும் முகத்தில் கண்ணாடி அழுத்திய வட்டம் இருக்கும். காது சரியாகக் கேட்காது. அதனால் வீட்டில் எல்லாமே சத்தமாகத்தான் நடக்கும். உப்புப் போதவில்லை என்பதைக்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சொல்வார்.

அவர் முத்தம் கொடுத்தால் ரப்பர் வாடை அடிக்கும். அந்த வாடை எனக்குப் பிடிக்காது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது சைக்கிள் கடையைக் கடக்கும்போது டியூப் வாடை வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. என் மகளுக்கு இது விளங்காது, அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அப்பா குளித்தது அம்மாவின் தம்பியின் வள்ளத்தில். மாமாவுக்கு எங்கள் வீட்டை ஒட்டியே சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கி இருந்தது. சதை அழுகட்டும் என்று சங்குகளைக் குவித்துப் போட்டிருப்பார்கள். அந்த நாற்றத்தில் பிறந்து வளர்ந்ததால் எங்களுக்கு அது நாற்றமாகவே தெரியாது, விருந்தாளிகள் மூக்கைப் பொத்தும்போதுதான் நினைவு வரும். மாமாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். வெள்ளைச் சட்டை, மேல் பட்டன் திறந்திருக்கும், உள்ளே குருசு தொங்கும். கணக்கில் சூரர். கல்கத்தாவுக்குப் போகும் சங்குக்கு விலை பேசும்போது பேப்பரே வேண்டாம், விரலை மடக்கிப் பைசா வரைக்கும் சொல்லிவிடுவார். அப்பாவை மச்சான் என்றுதான் கூப்பிடுவார், ஆனால் சொந்த அண்ணனிடம்கூட அப்படிப் பணிந்து நின்றிருக்கமாட்டார்.

அந்த வருசம் மழைக்கு முன்னால் மாமா ஒரு அதிசயம் வாங்கினார். கப்பலில் போகும் சிநேகிதர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து இரண்டு ஜிபிஎஸ் கருவிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வானத்தில் இருக்கிற எதுவோ நாம் நிற்கிற இடத்தை எண்ணாக்கிச் சொல்லுமாம். ஒன்று வள்ளத்துக்கு, ஒன்று கிட்டங்கிக்கு. கிட்டங்கி நகராதே, அதற்கு எதற்கு என்று அம்மா கேட்டாள். மாமா அதைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தார். டீக்கடைக்கு ஓர் எண், மாதா கெபிக்கு ஓர் எண், எங்கள் வீட்டுக்கு ஓர் எண். பின்னாலேயே நாங்கள் பிள்ளைகள் எல்லாம் ஊர்வலம் போனோம்.

“ஒரு டிகிரில அறுவது மினிட்டு. ஒரு மினிட்டுன்னா ஒரு கடல் மைலு. அத ஆயிரமா அறுத்துச் சொல்லுதுளா இது” என்றார் என்னிடம். “மச்சான் இன்னைக்கு நல்ல பாரு ஒண்ணு கண்டாவன்னு வச்சிக்க. நாளைக்கு அதே பாரு மேல போய் நிக்கலாம். கரையப் பாத்து அடையாளம் வைக்க வேண்டாம், வானம் மோடம் போட்டாலும் கவல இல்ல.”

பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. சங்கும் மீனும் அதை ஒட்டித்தான் கிடக்கும். அப்பா அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அங்கன ஏதாம் நடந்தா கரைக்குச் சொல்ல ஒதவும்” என்று சத்தமாகச் சொன்னார். வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. பொருள் வாங்கியவன் மனம் நோகக் கூடாதென்று சொன்னது.

எங்களுக்குத் தசமம் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். டீச்சர் அதிகம் விளக்கவில்லை, அரைப் பரீட்சைக்கு முன்னால் அவசரமாகப் புள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கணக்கு ஒன்று கொடுத்திருந்தார். 3.5, 3.15, இவற்றில் எது பெரியது? கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாமா எட்டிப் பார்த்தார்.

“இதுக்கா இம்புட்டு நேரம்? மூணு ரூவா அஞ்சு பைசா பெருசா, மூணு ரூவா பதினஞ்சு பைசா பெருசா? நீயே சொல்லு.”

“பதினஞ்சு.”

“அம்புட்டுதாம்ளா. புள்ளிக்குப் பொறவு பைசா. ஒலகத்துக் கணக்கு பூராம் இதுக்குள்ள அடக்கம்.”

அப்பா குழாயை உப்புப் போகக் கழுவிக்கொண்டிருந்தார். “ஒம் மாமன் பைசாவ விட மாட்டான்” என்று சிரித்தார். எனக்கு உலகமே தெளிந்துவிட்டது போல இருந்தது. 3.15 என்று எழுதினேன், அடியில் கோடும் போட்டேன்.

மாமாவைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் கணக்கு அவர் தொழிலில் ஒரு நாளும் தப்பியதில்லை. கடையில், ஏலத்தில், பில்லில், எங்கேயும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடம்தான். ஐம்பது பைசாவை யாரும் .5 என்று எழுதமாட்டார்கள், .50 என்றுதான் எழுதுவார்கள். ஐந்து பைசா என்றால் முன்னால் ஒரு சைபர் போட்டுக் கடைசி இடத்தில் ஐந்தை வைப்பார்கள். பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்த மனிதர் அவர். புள்ளிக்கு அடுத்த இடம் பத்தில் ஒன்று, அதற்கடுத்தது நூறில் ஒன்று என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை.

கார்த்திகை மழை விட்டதும் தண்ணீர் தெளிந்தது. வள்ளங்கள் போயின. அன்று எனக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். மாமாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் சாப்பிட்டு முடித்துத் தூக்குவாளியைத் தரட்டும் என்று கிட்டங்கியில் நின்றேன். மேசை மேல் இருந்த வாக்கி-டாக்கி கரகரவென்று இரைந்தது. வள்ளத்தின் டிரைவர் குரல்.

“மொதலாளி, கொழா அந்துட்டு. அண்ணன் மேல வரல. கொழா மட்டுந்தான் வந்துச்சு.”

மாமா சோற்றுக் கையோடு எழுந்தார்.

“கயிறு புடிச்சவரு குதிச்சுக் குதிச்சுத் தேடி மூக்கு காதெல்லாம் ரத்தம் மொதலாளி. அவர ஆசுபத்திரிக்குக் கொண்டாரணும். நாங்க கரைக்கு வாரோம். எடத்த அடிச்சுக்கங்க, மத்த வள்ளத்த உடனே விடுங்க. வடக்க எட்டு டிகிரி, நாப்பத்தேழு பாயிண்ட் அஞ்சு.”

கிழக்கு எண்ணையும் சொன்னார். அதில் புள்ளிக்குப் பின்னால் மூன்று எண்கள் இருந்தன, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னார். வடக்கு எண்ணில் மட்டும் ஐந்துக்குப் பின்னால் இரண்டு சைபர். அந்தப் பதற்றத்தில் கடைசிச் சைபரை யார் சொல்வார்கள்? சொல்லாமல் விட்டதில் தப்பும் இல்லை, அவற்றுக்கு மதிப்புக் கிடையாது.

மாமா கருவியை எடுத்தார். விரலில் குழம்பு. புள்ளிக்குப் பின்னால் மூன்று கட்டங்கள் மின்னிக்கொண்டிருந்தன. முதலில் ஒரு சைபர் போட்டார். இன்னொரு சைபர் போட்டார். கடைசிக் கட்டத்தில் ஐந்தை வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

“நாப்பத்தேழு பாயிண்ட் அஞ்சு. போட்டாச்சுலே” என்று வாக்கியில் திருப்பிச் சொன்னார் மாமா.

“அதேதான் மொதலாளி” என்றார் டிரைவர்.

இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். இதற்கு மேல் எப்படிச் சரிபார்ப்பது, நீங்களே சொல்லுங்கள்.

அப்பாவின் வள்ளம் கரைக்கு வந்ததும் விசாரணைக்கென்று போலீஸ் பிடித்து வைத்துக்கொண்டது. டிரைவர் அதோடு போனார், வள்ளத்தில் இருந்த கருவியும் போனது. கயிறு பிடித்தவர் அப்பாவுக்குச் சித்தப்பா மகன். ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருக்கு அந்த எண்ணெல்லாம் தெரியவும் தெரியாது. ஆகவே தேடப் போன எல்லோருக்கும் இருந்தது மாமா கையிலிருந்த எண் ஒன்றுதான். ஐஸ் கம்பெனி வாசலில் மீன் விலை எழுதும் பலகை இருந்தது. சீலா இவ்வளவு, ஊளி இவ்வளவு என்று எழுதியிருந்ததைக் கையால் அழித்துவிட்டு மாமா சாக்கட்டியால் பெரிதாக எழுதினார், 47.005 என்று. அழித்தும் அழியாத மீன் விலைகள் அதன் பின்னால் மங்கலாகத் தெரிந்தன.

ஊரே போனது. சாதி மதம் பாராமல் வள்ளம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் போனார்கள். அவர்கள் தொழிலை விட்டுவிட்டு வந்ததை நான் மறக்கக் கூடாது, மறக்கவும் இல்லை. அம்மா துறைமுகத்தில் வலைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் செபமாலை, ஆனால் மணியை நகர்த்தவில்லை. திரும்பி வந்த ஒவ்வொருவரும் அவளை நேராகப் பார்க்காமல் மாமாவிடம்தான் பேசினார்கள்.

“அடியில பூராம் மணலா கெடக்கு. பாறையே இல்லிய. ஒங்க மச்சான் பாருலல்லா குளிச்சாவ?” என்றார் ஒருவர்.

“ஓரத்துல குளிச்சிருப்பாவ. நீரோட்டம் இழுத்துருக்கும்” என்றார் மாமா. “வாடைக்குத் தெக்கதான் இழுக்கும். இன்னும் தெக்க போய்ப் பாருங்கலே.”

தெற்கே போனார்கள். மறுநாள் இன்னும் தெற்கே. வாடைக் காற்றில் தண்ணீர் தெற்கே இழுப்பது உண்மைதான், கடல் தெரிந்த எவனும் அதைத்தான் சொல்வான். ஆரம்பித்த இடம் தப்பாக இருந்ததால், அவர்கள் கெட்டிக்காரத்தனமாகத் தேடத் தேட அப்பாவிடமிருந்து விலகிப்போய்க்கொண்டே இருந்தார்கள். மாமா ஒவ்வொரு வள்ளத்திலும் ஏறினார். உப்புத் தண்ணீரும் வெயிலும் பட்டு உதடு வெடித்து ரத்தம் வந்தது. தன் வள்ளம், தன் கம்பிரசர், தன் குழாய் என்று சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அம்மா எழுந்து போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தவேண்டி வந்தது.

பிறகு வள்ளங்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பலகையில் பழையபடி மீன் விலை ஏறியது. கோவிலில் பூசை வைத்தோம். உடல் இல்லாததால் குழி இல்லை. அந்தக் கிறிஸ்துமசுக்கு எங்கள் தெருவில் யாரும் நட்சத்திரம் கட்டவில்லை. விடுதலையான டிரைவர் வேம்பாரில் உள்ள தன் வீட்டுக்குப் போனவர் போனவர்தான், எங்கள் முகத்தில் விழிக்க அஞ்சி இந்தப் பக்கமே வரவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனேன். கணக்கு டீச்சர் ஏரலிலிருந்து பஸ்ஸில் வருபவர். முந்தானையால் வேர்வையைத் துடைத்தபடியே அரைப் பரீட்சைப் பேப்பரைக் கொடுத்தார். திருத்தாமலே விட்டிருந்த அந்த வீட்டுக்கணக்கு பரீட்சையிலும் வந்திருந்தது, 3.15 மேல் சிவப்பில் பெருக்கல் குறி. வகுப்பில் பாதிப் பேருக்கு அதே தப்பு. “எல்லாரும் ஒரே கடையில படிச்சீங்களாட்டி?” என்று கேட்டுவிட்டு, கரும்பலகையில் கட்டம் போட்டார். ஒன்றுகள், அடுத்துப் புள்ளி, பிறகு பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று.

ஒரு ஐந்தை எடுத்து முதல் கட்டத்தில் வைத்தார். “இது அரை” என்றார். அதை அழித்து அடுத்த கட்டத்தில் வைத்தார். “இப்ப பத்துல ஒரு பங்கா சுருங்கிட்டு.” மறுபடி அழித்துக் கடைசிக் கட்டத்தில் வைத்தார். அதற்கு முன்னால் இருந்த இரண்டு வெறும் கட்டங்களிலும் சைபர் போட்டார்.

.005. ஐஸ் கம்பெனிப் பலகையில் இருந்தது என் கண் முன்னால் நின்றது.

நான் எழுந்தேன். “டீச்சர், பாயிண்ட் அஞ்சும் இதும் ஒண்ணு இல்லியா?”

பின்னால் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. “எப்படி ஒண்ணாகும்? இது மாதிரி நூறு சேந்தாதான் ஒரு பாயிண்ட் அஞ்சு. எண்ணு ஒண்ணுதான், உக்காந்த எடம் வேற” என்றார்.

ஒரு மினிட் ஒரு கடல் மைல் என்று மாமா சொல்லியிருந்தாரே. அப்படியானால் பாயிண்ட் ஐந்து அரை மைல். பலகையில் இருந்ததோ ஒன்றுமே இல்லாததுபோல. அப்பா அரை மைல் வடக்கே கிடந்தார். ஊர் முழுக்கத் தெற்கே தேடியது. மணியடிக்கும் வரைக்கும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடம் இவ்வளவு நன்றாகப் புரிந்த பிள்ளை அந்த வகுப்பில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

அம்மா அடுப்படியில் சாளை கழுவிக்கொண்டிருந்தாள். சிலேட்டில் கட்டம் போட்டுக் காட்டினேன். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் கூர்மையானவள். இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. செதில் ஒட்டிய விரலை அந்தக் கடைசி ஐந்தின் மேல் வைத்து, மெதுவாக முதல் கட்டத்துக்கு நகர்த்தினாள். சட்டியில் தண்ணீர் சிவப்பாக இருந்தது.

“ஏளா, இப்ப அந்த எடத்துல போய் முங்குனா அப்பா இருப்பாவளா?”

“தெரியாதும்மா.”

“இருக்க மாட்டாவ” என்றாள். “இத்தன நாளு மீனு விட்டு வைக்குமா?”

அப்படிப் பச்சையாகச் சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. அவள் என் வாயைப் பொத்தினாள். கையில் மீன் வாடை.

“நல்லாக் கேளு. போனவிய போயிட்டாவ. எனக்கு இருக்குதது எந் தம்பி ஒருத்தன். சோறு தண்ணி இல்லாம எப்படிக் கெடக்கான்னு பாத்தேல்லா? இது அவன் காதுல விழுந்துச்சு, அவன் உசுரோட இருக்க மாட்டான். நீ யார்ட்டயும் சொல்லப்பிடாது. டீச்சர்ட்ட, கூட்டுக்காரிட்ட, சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துலகூட. மாதா மேல சத்தியம் பண்ணு.”

சுவரில் இருந்த மாதா படத்தின் முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். சிலேட்டைத் தானே கழுவினாள்.

அம்மா செய்தது தப்பு என்று இந்த வயதில் சொல்வேன். அன்று சொல்ல எனக்கு வாயில்லை. மீன் விட்டுவைக்காது, சரி. ஈயக்கட்டியை எந்த மீன் தின்னும்? அப்பா கையாலேயே வார்த்து, தோல் பட்டையில் கோத்த பெல்ட் அது. பாறை இடுக்கில் அது கிடந்திருக்கும். ஒருவர் முங்கி எடுத்து வந்திருந்தால் ஒரு பெட்டியில் வைத்து, மணியடித்து, மண் தள்ளியிருக்கலாம். ஓர் இடம் இருந்திருக்கும். அம்மாவுக்கு அது தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை, தோன்றியபோது, கேட்டும் பயனில்லாத வயதுக்கு அவள் வந்துவிட்டாள். தம்பியைக் காப்பாற்றவேண்டும் என்ற ஒரே நினைப்பில் புருசனை அப்படியே விட்டுவிட்டாள். அதற்காக அவளிடம் எனக்குக் கோபம் உண்டு. அவள் செத்தபிறகும் அது முழுதாகத் தீரவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல் செதுக்கி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவார்கள். எங்களுக்குக் கல்லறை இல்லை. அடுத்த வருசம் அந்த நாளில் மாமா வந்தார். கையில் செவ்வந்தி மாலை. “அக்கா, வா. மச்சான் கெடக்குத எடத்துல போட்டுட்டு வருவோம்” என்றார்.

வள்ளத்தில் போனோம். மாமா கருவியைப் பார்த்துப் பார்த்து வழி சொன்னார். எண் சரியாக 47.005 ஆனதும் இஞ்சினை நிறுத்தச் சொன்னார். “இங்கனதான்” என்று சொல்லிக் கண்ணீரோடு மாலையை விட்டார். அம்மாவும் நானும் முழங்காலிட்டு அருள்நிறைந்த மரியே சொன்னோம். கோபத்தில் நான் பாதிச் செபத்தில் வடக்கே திரும்பினேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

அதன் பிறகு ஒரு வருசமும் விட்டதில்லை. நான் கல்யாணமாகி ஆறுமுகநேரிக்குப் போனபிறகும் அந்த ஒரு நாளுக்கு வந்துவிடுவேன். மாமாவுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகளும் வந்து என் அப்பா பெயர் சொல்லிப் பூப் போட்டார்கள். கருவி போய்ப் புதுக் கருவி வந்தது, அதுவும் போய்க் கைபேசி வந்தது. எண் மட்டும் மாறவில்லை. மணலுக்கு மேலே, ஒன்றுமே இல்லாத தண்ணீரில், வருசம் தவறாமல் செவ்வந்தி மாலை.

அம்மா போன வருசம் இறந்துபோனாள். அவளுடைய அப்பா அம்மா குழியிலேயே வைத்தோம். வேறு எங்கே வைப்பது?

இந்த வருசக் கல்லறைத் திருநாளுக்கு மாமாவும் நானும் மட்டும் போனோம். மாமாவுக்குச் சர்க்கரை. கால் விரல் இரண்டை எடுத்தாகிவிட்டது, வள்ளத்தில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. வள்ளக்காரப் பையன் புதியவன். போனை வைத்துக்கொண்டு, “எடத்தச் சொல்லுங்க தாத்தா” என்றான்.

“வடக்க எட்டு டிகிரி” என்றார் மாமா. “நாப்பத்தேழு பாயிண்ட் அஞ்சு. அஞ்சு மொதல்ல. அதுக்குப் பொறவு ரெண்டு சைபரு.”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பையன் போனில் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். “அங்கன போவ முடியாது தாத்தா. அது கப்பல் நங்கூரம் போடுத எடம். நேத்துலருந்து மூணு நாலு கப்பலு நிக்கி. கிட்டக்கப் போனா வள்ளத்தப் புடிச்சிருவாவ.”

“தள்ளி நின்னாவது?”

“தள்ளின்னா, இந்தா இம்புட்டுதான்” என்று போனின் படத்தில் தெற்கே விரலை வைத்தான். அவன் காட்டிய இடம் நாங்கள் வழக்கமாகப் போகும் இடம்தான்.

மாமா சரி என்றார். வள்ளம் கிளம்பியது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பையன் பின்னால் இருந்தான், எங்கள் பேச்சு அவனுக்குக் கேட்கவில்லை.

“எப்பத் தெரியும் மாமா?” என்றேன்.

“மூத்தவன் ஆறாங்கிளாஸ் படிக்கையில. அவனுக்குச் சொல்லிக் குடுக்கப் போனேன், புள்ளிக்குப் பொறவு பைசான்னு. அப்படி இல்லப்பான்னு கட்டம் போட்டுக் காட்டுனான் எனக்கு.” உதட்டைக் கடித்துக்கொண்டார். “அன்னைக்கே கடல்ல விழுந்திருப்பேன். அக்கா நெனப்புதான். நாம் போயிட்டா அவளுக்கு யாரு? அவள்ட்டயும் சொல்ல முடியல. பக்கத்துலயே கெடந்தாவ, நாங்கதான் விட்டுட்டோம்னு தெரிஞ்சா அவ தாங்குவாளா? எடத்த மாத்துனா ஏன்னு கேப்பா. அதான் அதே எடத்துக்கே கூட்டிட்டு வந்தேன், வருசா வருசம்.”

அக்காளும் தம்பியும் ஒரே வள்ளத்தில், எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டு இத்தனை வருசம் தப்பான தண்ணீரில் பூப் போட்டிருக்கிறார்கள். இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். கப்பல் வந்து நிற்பதற்கு முன்னால் எத்தனையோ வருசம் அந்த இடம் சும்மாதான் கிடந்தது. யாரும் போகவில்லை. அப்பாவை இரண்டு பேருமாகச் சேர்ந்து அங்கேயே போட்டுவைத்தார்கள். அழுகையைவிட எனக்கு ஆத்திரம்தான் வந்தது, யாரிடம் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

வழக்கமான இடத்துக்கு வந்துவிட்டோம். மாமா மாலையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

“ஏளா, அக்காவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுல்லா?”

வீங்கிய கண். விரல் போன கால். இவர் இன்னும் எத்தனை கல்லறைத் திருநாள் பார்க்கப்போகிறார்?

“தெரியாது மாமா” என்றேன்.

“அது போதும்ளா” என்றார். மாலையைத் தண்ணீரில் விட்டார். பையன் வள்ளத்தைக் கரைப் பக்கம் திருப்பினான்.